டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்

காலையில் ஷெட்டுக்குள் போனால் ஆல்பி சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தான். வருஷா வருஷம் கிளப் வண்டிகளோடு போகிற சிம்சன் பாலைவனத்துக்குக் கிளம்ப ஒரு வாரம்கூட இல்லை. வழியில் வண்டி படுத்தால் எழுப்புவதற்கான கருவிப் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து இரும்பு உருளும் சத்தம் கேட்கும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காது. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நான் கைவேலையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போவேன்.

மறைத்துப் பேசுவானேன், என் புருஷனுக்கு மறதி நோய். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற மறதி இல்லை, அது எனக்கே உண்டு. இது வேறு. டாக்டர் மூளையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு அதற்குப் பெயரும் சொல்லிவிட்டார். பகலில் ஊருக்குள் வண்டி ஓட்டலாம், அதற்கு மேல் வேண்டாம் என்றார். அப்போது ஆல்பி அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தான், தலையைக்கூட ஆட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டான். நான் உட்கார வைத்துச் சொன்னேன். இனிமேல் பாலைவனம் கிடையாது ஆல்பி, உனக்கு இப்படி ஒன்று வந்திருக்கிறது என்று. ஷெட்டுக்குப் போய்க் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து அழுதான். மறுநாள் காலை டீயை வைத்துக்கொண்டு வரைபடத்தை விரித்து, இந்த வருஷம் எந்தத் தடத்தில் போகலாம் என்று என்னைக் கேட்டான். மறுபடியும் சொன்னேன். முதல் தடவை கேட்பதுபோலவே மறுபடியும் அழுதான். மூன்றாம் தடவை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மனுஷனுக்கு ஒரே இழவுச் செய்தியை எத்தனை தடவை சொல்வது?

அதற்காகப் பாலைவனத்துக்கு அனுப்பிவிடவும் முடியாது. கோடையில் மலைப்பக்கம் கூடாரம் போட்டபோது, அடுப்புக்கு விறகு பொறுக்கிவருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. பக்கத்துக் கூடாரத்துக்காரர்களும் நானும் பிரிந்து தேடினோம். வறண்ட ஓடைக்குள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். என்ன செய்கிறாய் என்றால், ரயிலுக்குக் காத்திருக்கிறேன் என்றான். அந்தப் பக்கம் தண்டவாளமே கிடையாது. அது வீட்டுக்குப் பக்கத்து மலை. சிம்சனில் ஆயிரம் மணல்மேடு, ஒன்றைப் போலவே இன்னொன்று. அங்கே இவன் ஒரு மேட்டைத் தாண்டி நடந்துவிட்டால் நான் கிடைக்காத உடம்பைத் தேடிக்கொண்டிருப்பேன்.

ஆக, இவனை நிறுத்த வேண்டும், இவன் மனது உடையாமல் நிறுத்த வேண்டும். அடிலெய்டிலிருந்து மகள் ஜோடி தினமும் போன் செய்து அதையேதான் கேட்டாள். இன்னும் சொல்லவில்லையா, நீ சொல்கிறாயா, நான் வந்து சொல்லட்டுமா, சாவியை ஒளித்துவை, போலீசில் சொல்லிவை. எட்ட இருப்பவர்களுக்கு எல்லா வழியும் சுலபம். நல்ல பெண்தான், ஆனால் போனை வைத்த பிறகு நான் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகத்தான் கழுவினேன்.

எங்கள் ஊர் போர்ட் அகஸ்டாவின் வண்டி கிளப்பில் ஆல்பிக்கு மேலே ஆள் இல்லை, அதுதான் சிக்கல். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டீசல் இன்ஜினோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன். கருவிப் பை விஷயத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். ஒற்றைக் கையால் தூக்க முடியாத பையைக் கொண்டுவராதே. உன் வண்டியில் எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்று வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டு, பொருந்தியதை மட்டும் எடு. ஒரு சாமான் இரண்டு வேலையாவது செய்ய வேண்டும். உனக்குக் கையாளத் தெரியாத கருவி கருவியே இல்லை, வெறும் பாரம். புதிதாக வண்டி வாங்கிய ஒவ்வொருவனுக்கும் இதைச் சொல்லி உயிரை எடுப்பான்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கால்பந்து மைதானத்தில் விரிப்பு நடக்கும். அதுவும் அவன் கொண்டுவந்த வழக்கம்தான். ஒரு வண்டிக்கு ஒரு தார்ப்பாய். அவரவர் பையைத் தார்ப்பாயில் கொட்டி விரித்துவிட்டு, வண்டியை வேலிக்கு அப்பால் நிறுத்திவிட்டு, சாசேஜ் சுடுகிற இடத்துக்கு வந்துவிட வேண்டும். பயணத் தலைவனான ஆல்பி மட்டும் தனியாக ஒவ்வொரு தார்ப்பாயாகப் பார்ப்பான். ஆளைப் பார்த்தால் இரக்கம் வரும், சாமானை மட்டும் பார் என்பான் ஆல்பி. பார்த்து முடித்து, “யாரோடது?” என்று சத்தம் போடுவான். உரியவன் போய் நின்று வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். “இந்த வண்டி வரலை” என்று சொல்லிவிட்டால் அந்த வண்டி வராது. அதற்கு மறுபேச்சு கிடையாது. தன் கூட்டாளி ரஸ்ஸின் சொந்த மச்சானையே ஒரு வருஷம் அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறான். தலைவனுடைய தார்ப்பாயை மட்டும் ரஸ் பார்ப்பான். வரிசையில் ஆல்பிக்கு அடுத்த வண்டி அவனுடையது, இளவயதிலிருந்து பழக்கம். அது வெறும் கூத்தாகத்தான் நடக்கும். கிழவா, இந்தச் சுத்தியல் கப்பலில் வந்ததா என்று ரஸ் ஆரம்பிப்பான். எங்கள் ஆட்கள் கேலி செய்கிறவரை கவலையில்லை. மரியாதையாகப் பேசத் தொடங்கினால்தான் பயப்பட வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் ஆல்பி கண்ணயர்ந்திருந்தபோது ஷெட்டுக்குள் போய்ப் பையைத் திறந்தேன்.

திறந்ததும் மூச்சு வந்தது. அவ்வளவு நேர்த்தி. ஸ்பானர்கள் சிறியதிலிருந்து பெரியதுவரை துணிச் சுருளில் வரிசையாக நின்றன. சாக்கெட்டுகளை எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தான். ஃபேன் பெல்ட், ஹோஸ் கிளிப், ஃபியூஸ், கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், எல்லாம் இருந்தன. பரவாயில்லையே, இதில் இன்னும் கெட்டிக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டே ஒரு சின்ன டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஸ்பார்க் பிளக் இருந்தது. புத்தம் புதிது, காகிதம்கூடப் பிரிக்கவில்லை.

எங்கள் வண்டி டீசல். டீசல் வண்டிக்கு ஏது ஸ்பார்க் பிளக்? ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். ஸ்பானர் முழுவதும் அங்குல அளவு, எங்கள் வண்டியில் இருப்பதெல்லாம் மில்லிமீட்டர். எங்கள் டயரில் டியூபே கிடையாது, பையில் டியூபுக்கு ஒட்டுப் போடும் ரப்பர் இருந்தது. ஓட்டையில் செருகி அடைக்கிற பஞ்சர் கிட்டைக் காணோம். ஃபேன் பெல்ட் எங்கள் இன்ஜினை முக்கால் சுற்றுக்கூடச் சுற்றாது. அப்போதுதான் புரிந்தது. ஜோடியின் கல்யாணச் செலவுக்காக விற்றோமே, அந்தப் பழைய பெட்ரோல் வண்டிக்கு என் புருஷன் பை கட்டியிருக்கிறான். அந்த வண்டிக்கு ஒரு குறையும் இல்லாத பை. அது இன்றைக்கு எந்தக் குப்பையில் துருப்பிடித்துக் கிடக்கிறதோ.

அந்த வாளிமேல் நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். மாற்றிக் கட்ட எனக்குத் தெரியும். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அவன் கேட்கக் கேட்க ஸ்பானர் எடுத்துக் கொடுத்தே கிழவியானவள் நான். சரியானதெல்லாம் அதே ஷெட்டில் அலமாரியில் இருந்தது. மாற்றிவிட்டால் நாளைக்கு எல்லோரும் கேலி செய்வார்கள், சிரிப்பார்கள், அவன் மானம் தப்பும், வியாழக்கிழமை பாலைவனத்தில் இருப்போம். மாற்றாவிட்டால் அத்தனை பேர் முன்னால் அசிங்கப்படுவான். அவன் உயிரா, அவன் மானமா என்று என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன கடவுளை நன்றாகத் திட்டினேன். பிறகு எல்லாவற்றையும் இருந்தபடியே அடுக்கி மூடினேன்.

ரஸ்ஸுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்கு எங்கள் தார்ப்பாயைப் பார்க்கும்போது, உள்ளதைச் சொல்லி, இந்த வண்டி வரலை என்று சொல்லிவிடு என்றேன். கூட்டாளி வாயால், அவனே வைத்த சட்டப்படி வந்தால் தாங்கிக்கொள்வான் என்று நினைத்தேன். ரஸ் உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

“என்கிட்ட வந்து கேக்கறியே நோலீன். வெள்ளம் வந்தப்ப வண்டியோட போயிட்டிருந்த என்னைக் கயித்தைக் கட்டி இழுத்தவன் அவன்.”

“அதுக்குத்தான் உன்கிட்ட கேக்கறேன்.”

கடைசியில் சரி என்றான். அந்தச் சரியில் உயிரே இல்லை.

ஞாயிறு காலை வளைகுடாக் காற்று காதைப் பிய்த்தது. வெங்காயம் வதங்கும் வாசனை வேலிவரை வந்தது. ஆல்பி தொப்பியும் கம்பளிச் சட்டையுமாக, பழைய மிடுக்கோடு மைதானத்தில் இறங்கினான். அவன் பையை அவனே கொண்டுபோய்க் கடைசித் தார்ப்பாயில் விரித்தான். வண்டியை வேலிக்கு அப்பால் விட்டுவிட்டு வந்து, டீயை ஊதி ஊதிக் குடித்தான். பிறகு முதல் தார்ப்பாயிலிருந்து ஆரம்பித்தான்.

அன்று அவன் பேசியதைக் கேட்டவர்களிடம் அவனுக்கு நோய் என்று நான் சொன்னால் என்னைத்தான் அடிப்பார்கள். கானர் என்று ஒரு புதுப் பையன், கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகிறது. பளபளவென்று ஒரு கடையையே விரித்து வைத்திருந்தான். இது எதற்கு, இது எதற்கு என்று ஆல்பி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக் கேட்டான்.

“தெரியல. செட்டோட வந்துச்சு” என்றான் கானர்.

“அப்ப செட்டோட திரும்பிப் போகட்டும். இவ்வளவு இரும்பை ஏத்தினா முதல் மேட்டுலயே ஸ்பிரிங் உடையும். அப்புறம் உடைஞ்ச ஸ்பிரிங்கைச் சரி பண்ற கருவியையும் நீ கொண்டு வரணும்.”

எல்லோரும் சிரித்தார்கள், கானரும் சிரித்தான். ஆல்பி முழங்காலிட்டு, அந்தக் குவியலிலிருந்து ஒரு சின்னக் குவியலைப் பிரித்தான். வண்டியின் நட்டுகளுக்குப் பொருந்துகிற நாலைந்து ஸ்பானர், ஒரு சாக்கெட் வரிசை, நல்ல குறடு, பூட்டிக்கொள்கிற குறடு, சுத்தியல், ரம்பத் தகடு, பஞ்சர் கிட், காற்றடிக்கும் பம்ப். ஜாக்கியை மணலில் வைத்தால் புதைந்துபோகும், அதனடியில் போட ஒரு பலகை கொண்டுவா என்றான். இதை வைத்துக்கொண்டு பாலைவனத்தைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பேர்ட்ஸ்வில் ஊர்வரை போய் ஒரு பீரும் குடிக்கலாம் என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையே என்னைக் கொன்றது. இவனைப் போய் நிறுத்துகிறேனே என்று ஒரு நிமிஷம் என்மேலேயே வெறுப்பு வந்தது.

அப்போது ரஸ் எங்கள் தார்ப்பாய்க்குப் போனான். எல்லோரும் கூத்துப் பார்க்கத் தயாரானார்கள். ரஸ் குந்தி உட்கார்ந்தான். ஸ்பார்க் பிளக்கை எடுத்தான், வைத்தான். ஸ்பானர் சுருளைப் பிரித்தான், சுருட்டினான். தூரத்திலிருந்து என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

ரஸ் எழுந்து நின்றான். “எல்லாம் சரியா இருக்கு ஆல்பி” என்றான்.

அவ்வளவுதான். கிழவா இல்லை, கப்பல் இல்லை, ஒரு கேலியும் இல்லை. சிரிக்கக் காத்திருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டு பேர் போய் எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தார்கள். ஒருத்தி எனக்கு ரொட்டித் துண்டில் சாசேஜை வைத்து, சாஸ் ஊற்றட்டுமா என்று நோயாளியைக் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டாள். ரஸ் என் பக்கத்தில் வந்து அடுப்பைப் பார்த்தபடி நின்றான்.

“முடியல நோலீன்” என்றான்.

“கோழை” என்றேன். வேறு வார்த்தைகளும் மனத்தில் இருந்தன. அத்தனை பேருக்கும் இப்போது தெரிந்துவிட்டது, ஒருவருக்கும் வாய் வரவில்லை. இவர்கள் இப்படியே பேசாமல் அவன் பின்னால் வரிசை கட்டிப் பாலைவனம்வரை வருவார்கள் என்று தெரிந்ததும் ரொட்டியைக் கடிக்காமலேயே கீழே வைத்தேன்.

ஆல்பி ஒரு சாசேஜைத் தின்று முடித்து, கையைக் கால்சட்டையில் துடைத்தான். மைதானத்தை ஒரு பார்வை பார்த்தான். “இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கே” என்றான்.

கடைசித் தார்ப்பாயைத்தான் சொன்னான். யாரும் தடுக்கவில்லை, எனக்கும் கால் எழவில்லை. அவன் நடந்து போய்ச் சிரமப்பட்டு முழங்காலிட்டான். மற்றவர்களுடையதைப் பார்த்தது போலவே ஒவ்வொன்றாக எடுத்தான். ஒரு ஸ்பானரின் அளவை வெயிலில் பிடித்துப் படித்தான். பெல்ட்டை விரலால் நீவினான். பிளக்கை எடுத்தவன் அதை வெகுநேரம் கீழே வைக்கவேயில்லை. அவன் முகத்தில் தன்னுடையது என்ற தெளிவு வருகிறதா என்று பார்த்துக்கொண்டேயிருந்தேன். வரவில்லை.

“நல்ல பழைய சாமான்” என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. “இதை வெச்சிருந்தவன் ஒரு காலத்துல விஷயம் தெரிஞ்சவன். ஆனா இப்ப அவனுக்கு என்னமோ ஆயிருக்கு. நம்ம வண்டி எல்லாமே டீசல், இவன் ஸ்பார்க் பிளக் கொண்டு வந்திருக்கான். ஒரு ஸ்பானர்கூடப் பொருந்தாது. இவனை மணலுக்குள்ள கூட்டிட்டுப் போனா செத்துடுவான், கூட வர்றவங்களையும் சாகடிப்பான்.”

அடுப்பில் கொழுப்பு பொரிவது மட்டும் கேட்டது.

“யாரோடது?” என்றான் ஆல்பி.

ரஸ் தரையைப் பார்த்தான். கானர் ரஸ்ஸைப் பார்த்தான். ஆல்பி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான். பதில் வராதது அவனுக்கு விளங்கவில்லை, கண்ணில் மெல்ல ஒரு பயம் ஏறத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் விட்டால் அவனே கண்டுபிடித்துவிடுவான், இத்தனை பேர் பார்க்க, மூன்றாம் தடவையாக.

“என்னோடது” என்றேன்.

“உன்னோடதா?”

“நம்ம வண்டிக்கு நான்தான் கட்டினேன் ஆல்பி. நீ தூங்கிட்டிருந்தே. உனக்கு வேலை மிச்சமாகட்டும்னு.”

கத்துவான் என்று நினைத்தேன். கருவிப் பையை வேறு யார் தொட்டாலும் அவனுக்குப் பொறுக்காது. அவன் கத்தவில்லை. எழுந்து என்னிடம் வந்தான், என் முகத்தை உற்றுப் பார்த்தான். ஒரு வருஷமாக நான் அவனை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேனோ, அதே பார்வை.

“அந்த வண்டியை வித்தாச்சு நோலீன்” என்றான் மெதுவாக. “ஜோடி கல்யாணத்துக்கு வித்தோமே. ஞாபகம் இல்லையா?”

“இல்ல” என்றேன்.

அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு ரஸ் பக்கம் திரும்பினான். இந்த வண்டி வரலை என்றான், எப்போதும் சொல்கிற அதே குரலில். நீ முன்னால் போ, மேட்டில் ஏறும்போது ரேடியோவில் குரல் கொடு, கானரை நடுவில் விட்டுக்கொள் என்று வரிசையாகச் சொன்னான். ரஸ் சரி சரி என்றான். நீ எங்களோடு வரலாமே என்று ஒப்புக்குக்கூட அவன் கேட்கவில்லை, அந்த மட்டுக்கும் அவனை மன்னித்தேன்.

“நான் எப்படி வர்றது?” என்றான் ஆல்பி, யாரும் கேட்காமலேயே. “இவளை இப்படி விட்டுட்டு? ஜோடிகிட்ட மட்டும் யாரும் சொல்லிடாதீங்க. பொண்ணு பயந்துடுவா. நானே பதமா சொல்லிக்கறேன்.”

ரஸ் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். மற்றவர்கள் தங்கள் தங்கள் தார்ப்பாயை மடிக்கப் போனார்கள். ஆல்பி என்னைக் கூட்டிக்கொண்டு போய் எங்கள் சாமான்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான். தானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் வைக்க ஆரம்பித்தான். நான் அழுதேன், அடக்கவேயில்லை. அவன் கிரீஸ் கையாலேயே என் கன்னத்தைத் துடைத்தான்.

“அழாதே. நான் கூடவே இருக்கேன். இனிமே எது மறந்துபோனாலும் என்கிட்ட கேளு.”

“சரி, கேக்கறேன்” என்றேன்.